அடிப்பொங்கல்

இராசமலருக்குக் காலில் வண்டிச் சில்லுப் பூட்டியிருக்கிறது என்று கொக்குவிலில் அவளுடைய ஒழுங்கைக்காரர் எல்லோரும் சொல்வார்கள். சொல்வதில் பிழையில்லை. அறுபத்து மூன்று வயதாகியும் அவள் ஓரிடத்தில் ஆறி அமர்ந்திருந்ததைக் கண்டவர்கள் கிடையாது. தேத்தண்ணியை நின்றபடிதான் குடிப்பாள். தொலைக்காட்சி நாடகத்தைக் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு, கையில் சுளகோடு பார்ப்பாள். கலியாண வீட்டுக்குப் போனாலும் பந்தியில் இருக்கமாட்டாள்; பரிமாறுகிறவர்களுக்குப் பின்னாலே திரிந்து, "அந்த மூலைக்கு இன்னும் பருப்பு வரேல்லை" என்று அதிகாரம் பண்ணுவாள். அது யாருடைய வீடு என்பது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை.

அளவெட்டியில் ஒரு தோட்டக்காரரின் மூத்த மகள். சோமசேகரத்தைக் கலியாணம் செய்து கொக்குவிலுக்கு வந்தவள். அவர் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்தார். பஞ்சாங்கம் பாராமல் நகம்கூட வெட்டாத மனிதர். அவருடைய சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளைப் படிப்பிக்க முடியாது என்று கண்டதும் இவள் மிளகாயை வறுத்துத் தூள் இடித்து விற்கத் தொடங்கினாள். இடம்பெயர்ந்து கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் கிடந்த காலத்திலும் அவளுடைய தாச்சி அடுப்பை விட்டு இறங்கவில்லை. இன்றைக்கு வெளிநாட்டுக்குப் போகிற பெட்டிகள் பலவற்றில் இராசமலரின் தூள் ஒரு பொதியாவது இருக்கும்.

இத்தனை ஓட்டத்துக்கும் நடுவில் அவள் ஆசைப்பட்டுக் காத்திருப்பது தைப்பொங்கல் ஒன்றுக்குத்தான். அதில்தான் அவளுக்கு அதிட்டம் இல்லை. சோமசேகரத்தின் பங்காளிகளுக்கு மார்கழி மாதம் ஒத்துக்கொள்வதில்லை. தகப்பன் வழியில் யாராவது கண்ணை மூடினால் அந்த வழி வீடுகள் எல்லாவற்றுக்கும் ஒரு மாதம் துடக்கு. துடக்கு வீட்டில் பொங்கல் பானை ஏறக்கூடாது, கோயில் வாசலை மிதிக்கக்கூடாது. அந்தப் பரம்பரையோ கொக்குவிலில் தொடங்கி நோர்வே வரைக்கும் பரந்து கிடக்கிறது. ஒரு வருடம் பெரியப்பா போனார். இன்னொரு வருடம் அவருடைய மூத்த மகன் போனார். வேலிச் சண்டையில் ஆயுள் முழுக்க முகம் பாராமல் இருந்துவிட்டு, சரியாகப் பொங்கலுக்கு முதல் கிழமை செத்துப் பழிதீர்த்துக்கொண்டார். பிறகு கொரோனா. பிறகு மாமியார். வாங்கி வைத்த புதுப் பானைகள் அடுக்களை மூலையில் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி, அவளைப் பார்த்து இளித்தன.

இந்த முறை அப்படி எதுவும் நடக்கவில்லை. மார்கழி ஒரு சாவும் இல்லாமல் கழிந்தது. அதைவிடப் பெரிய சங்கதி, மகன் சிவரூபன் கனடாவிலிருந்து வந்திருந்தான். போய்ப் பதினொரு வருடம். விசா, வேலை, கொரோனா என்று வருகை தள்ளித் தள்ளிப் போய், போன ஆவணியில் அங்கேயே கீர்த்திகாவைக் கலியாணம் செய்து, இப்போதுதான் மனைவியோடு வாசலில் வந்து இறங்கினான். தம்பதிக்கு இது தலைப்பொங்கல். பானையில் முதல் அரிசியைச் சோமசேகரம் போடுவதுதான் வீட்டு வழக்கம். "இந்தமுறை நீ போடடா" என்று அவரே மகனிடம் சொல்லியிருந்தார். சிவரூபன் அதற்கென்று ஒரு பட்டு வேட்டி வாங்கி, அது இடுப்பில் நிற்காமல், இரண்டு நாளாக வீட்டுக்குள் கட்டிப் பழகிக்கொண்டிருந்தான்.

பொங்கலன்று விடியப்புறம் முற்றத்தைச் சாணத்தால் மெழுகிவிட்டு இராசமலர் அடுக்களைக்குள் வந்தபோது அவளுடைய தொலைபேசி அதிர்ந்தது. லண்டனில் இருக்கிற தங்கை குணலட்சுமி.

"அக்கா, அத்தான் பக்கத்திலை நிக்கிறாரோ?"

"இல்லை, கிணத்தடியிலை முழுகிறார். என்னடி, குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"கதிரத்தான் மோசம் போயிட்டார் அக்கா. நெஞ்சு நோகுது எண்டவராம். ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போறதுக்கிடையிலை எல்லாம் முடிஞ்சுது."

காலில் சில்லுப் பூட்டிய மனுசி அடுக்களைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கதிரவேலு, சோமசேகரத்தின் சித்தப்பா மகன். முறைக்குத்தான் சித்தப்பா மகன். சின்ன வயதில் தாயை இழந்து, இதே வீட்டில், சோமசேகரத்தோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர். இராசமலர் புதுப்பெண்ணாக வந்த முதல் பொங்கலில் மாமியார் அகப்பையைக் கையில் கொடுக்க, அவள் வெட்கத்தில் பானையின் மேற்புறத்தை மட்டும் தடவிக்கொண்டு நின்று அடிப்பிடிக்க விட்டுவிட்டாள். கருகல் மணம் முற்றமெல்லாம் நிறைந்தது. மாமியார் வாயைத் திறப்பதற்கிடையில் கதிரவேலு ஒரு சிரட்டையோடு முன்னுக்கு வந்தார்.

"பெரியம்மா, எனக்கு அடிப்பொங்கல்தான் வேணும். இவ்வளவு காலமும் இந்த வீட்டிலை ஒருத்தருக்கும் இதைச் செய்யத் தெரியேல்லையே!"

அண்ணனும் தம்பியும் பானைக்குள் கையை விட்டுச் சுரண்டி, நீயா நானா என்று இழுபறிப்பட்டுத் தின்றார்கள். மாமியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு அவள் அழாமல் தப்பியது அந்த மனிதரால்தான். அதற்குப் பிறகு அவள் ஒருநாளும் அடிப்பிடிக்க விட்டதில்லை. கதிரவேலுவும் விட்டாரில்லை. லண்டனுக்குப் போன பிறகும், பொங்கலன்று அங்கே நடுச்சாமம் ஆனாலும் விழித்திருந்து, இங்கே பானை பொங்குகிற நேரம் பார்த்துச் சோமசேகரத்தை அழைப்பார். "அண்ணை, எந்தப் பக்கம் பொங்கினது? மச்சாள் அடிப்பிடிக்க விட்டவவோ?" இவள் அடுப்படியில் நின்றபடியே, "உங்கடை ஆசை இந்தமுறையும் நடக்கேல்லை!" என்று கத்துவாள். பொங்காத வருடங்களிலும் அழைத்து, "மச்சாள் இந்த வருசம் தப்பியிட்டா" என்பார்.

"அக்கா, கேக்கிறியோ?" என்றாள் குணலட்சுமி. "அத்தானுக்கு இப்ப சொல்லாதை. பொங்கலை முடி. பிள்ளை வந்து நிக்கிறான்."

தூரத்தில் நடந்த சாவு, செய்தி காதில் விழும்வரைக்கும் தொடாது என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. இராசமலர் அதைப் பிடித்துக்கொண்டாள். செய்தி விழுந்தது தன்னுடைய காதில். அவருக்கு விழவில்லை, மகனுக்கு விழவில்லை. குற்றம் முழுக்கத் தன் தலையில் இருக்கட்டும். அடுத்த பொங்கலுக்கு மகன் வருவானோ, யார் கண்டது? அவர் தம்பிக்காக அழவேண்டிய அழுகையை ஒரு பகற்பொழுது ஒளித்து வைப்பது பெரிய பாவம்தான். மத்தியானச் சாப்பாடு முடியட்டும், காலில் விழுந்தாவது சொல்லிவிடுகிறேன் என்று சாமிப் படத்தைப் பாராமலே நேர்ந்துகொண்டாள்.

திரும்பினால் சுவர்த்தட்டில் ஒரு தூள் பொதி. யாராவது லண்டனுக்குப் போகும்போது கதிரவேலுவுக்குக் கொடுத்துவிட என்று போன கிழமை கட்டி, பெயர் எழுதி வைத்தது. பெயர் தெரியாதபடி அதைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தாள். தேங்காய் துருவப் போனாள்.

அடுத்த யோசனை தொலைபேசிகள். இந்தக் காலத்தில் சாவு தந்தியில் வருவதில்லை. படத்தோடும் பூமாலையோடும் எல்லோருடைய கையிலும் ஒரே நேரத்தில் வந்து குதிக்கிறது. நல்லூரில் இருக்கிற மகள் வினோஜாவும் மருமகன் கஜீபனும் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியதும் இராசமலர் ஒரு சுளகை நீட்டினாள்.

"எல்லாரும் போனை இதிலை போடுங்கோ. பொங்கி முடியுமட்டும் ஒருத்தரும் போன் நோண்டக் கூடாது."

"அம்மா, படம் எடுக்க வேணுமெல்லே?" என்றாள் வினோஜா.

"படம் எடுத்து என்ன, சூரியனுக்கு அனுப்பப் போறியோ? போடு."

கஜீபன் சிரித்துக்கொண்டு போட்டான். சிவரூபனும் கீர்த்திகாவும் போட்டார்கள். சோமசேகரம் அப்போதுதான் ஈரத் தலையோடு கிணற்றடியிலிருந்து வந்தார். கண் சிவந்து, உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது.

"தைப்பனியிலை இவ்வளவு நேரமோ முழுகிறது? பேந்து நெஞ்சு இழுக்கப் போகுது" என்று அவள் ஏசினாள். அவர் தன்னுடைய தொலைபேசியைச் சுளகில் வைத்தார். கதிரவேலுவின் அழைப்புக்காகப் பொங்கலன்று அதைக் கையை விட்டு இறக்காத மனிதர், கேள்வி இல்லாமல் வைத்தார். அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. அதற்கு மேலே யோசிக்க நேரமில்லை. சுளகோடு கொண்டுபோய் எல்லாவற்றையும் அரிசி வாளிக்குள் புதைத்து மூடினாள்.

முற்றத்தில் வினோஜா உலக்கையைக் கிடத்தி அதன் ஓரமாக மாக்கோலம் போட்டிருந்தாள். நிறைகுடம், குத்துவிளக்கு, கரும்பு, கழுத்தில் மஞ்சளும் இஞ்சியும் கட்டிய புதுப் பானை. இராசமலர் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு குனிய, சோமசேகரம் தடுத்தார்.

"நீர் தள்ளி நில்லும். வினோஜா மூட்டட்டும்."

"ஏன், எனக்குக் கை இல்லையோ?"

"பிள்ளை மூட்டட்டுமன்."

வினோஜா மூட்டினாள். காய்ந்த தென்னம் பன்னாடை பற்றிக்கொண்டது. இராசமலர் நின்ற இடத்தில் நிற்கவில்லை. பானையைப் பார்ப்பாள், அடுக்களைக்கு ஓடுவாள், வடைக்கு ஊறவைத்த உழுந்தைத் தொட்டுப் பார்ப்பாள், அரிசி வாளியில் காதை வைப்பாள். வாளி உறுமிக்கொண்டிருந்தது. ஒன்று ஓய்ந்தால் மற்றது. அரிசிக்குள் கிடந்து ஐந்து தொலைபேசிகளும் மாறி மாறி நடுங்க, அவள் மூடியின்மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்துவிட்டு மறுபடியும் முற்றத்துக்கு ஓடினாள். சாவின் துடக்கோடு பொங்கல் முற்றத்தில் நிற்கிறேனே என்று கிழக்குப் பக்கம் முகம் திருப்பாமல் திரிந்தாள். சூரியன் முருங்கை மரத்துக்கு மேலே வந்து அவளை மட்டும் உற்றுப் பார்ப்பதாகப் பட்டது.

பால் நுரைத்து ஏறிக் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. கஜீபன் சீனவெடி கொளுத்தினான். கீர்த்திகா காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இவ்வளவு வருடத்துக்குப் பிறகு அந்த முற்றத்தில் பால் பொங்குவதைக் கண்டதும் இராசமலருக்கு அழுகை வந்தது. சந்தோசத்துக்கு அழுகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அப்போதுதான் சிவரூபன் கேட்டான். "அப்பாவின்ரை போனை மட்டும் வெளியிலை எடுப்பமோ? இப்ப சித்தப்பா எடுக்கிற நேரமெல்லோ?"

இராசமலர் வாயைத் திறப்பதற்குள் சோமசேகரம் சொன்னார், "அவன் நித்திரையாக்கும். அங்கை இன்னும் விடியேல்லை."

அங்கே எந்தப் பொங்கலுக்குத்தான் விடிந்திருந்தது! ஆனாலும் அந்த நேரத்தில் அவளுக்கு அது உறைக்கவில்லை. கேள்வி தன் பக்கம் வராமல் போனதே பெரிய காரியம் என்று நின்றாள்.

"சரி, அரிசி போடுவம்" என்றான் சிவரூபன். வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அரிசிச் சுளகைத் தூக்கப் போனான்.

சோமசேகரம் மகனைப் பார்க்கவில்லை. மருமகனைப் பார்த்தார். "தம்பி கஜீபன், நீங்கள் வந்து போடுங்கோ."

யாருக்கும் விளங்கவில்லை. கஜீபன், "மாமா, மச்சான்தானே போடுறதெண்டு..." என்று இழுத்தான்.

"நீங்கள் போடுங்கோ எண்டுறன்."

கஜீபன் கூச்சத்தோடு மூன்று கை அரிசி அள்ளிப் பானையைச் சுற்றிப் போட்டான். வினோஜாவையும் போடச் சொன்னார். பிறகு, "காணும், இனிப் போதும்" என்றார். சிவரூபன் நீட்டிய கையை மெல்ல இழுத்துக்கொண்டான். அவனுடைய முகம் சின்னப் பிள்ளையின் முகமாகச் சுருங்கிப் போனதை இராசமலர் கண்டாள். கீர்த்திகா புருசனையும் மாமனாரையும் மாறி மாறிப் பார்த்தாள். சோமசேகரம் ஒன்றும் நடவாததுபோலக் கிணற்றடிப் பக்கமாக நடந்தார்.

இராசமலருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடியத் தொடக்கம் அடக்கி வைத்திருந்த துக்கம், பயம் எல்லாம் கோபமாக மாறின. பயறும் சர்க்கரையும் போட்டுக் கிளறவேண்டிய பானை. அகப்பையைக் கீர்த்திகாவின் கையில் திணித்தாள். "பிள்ளை, துழாவிக்கொண்டு நில்லும், இந்தா வாறன்" என்றுவிட்டு அவருக்குப் பின்னால் ஓடினாள்.

கிணற்றடியில் அவர் கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு மூளை கீளை பிசகிப் போச்சுதோ? பதினொரு வருசத்துக்குப் பிறகு வந்து நிக்கிற பிள்ளை! வேட்டியும் கட்டிக்கொண்டு ஆசையா நிண்டவன். நீங்கள்தானே அவனைப் போடச் சொன்னனீங்கள்? இப்ப எல்லாருக்கும் முன்னாலை மருமகனைக் கூப்பிட்டுப் போடுவிக்கிறியள். ஏன், அவனுக்கென்ன குறை? உங்கடை மகன் என்ன துடக்குக்காரனோ?"

வாயிலிருந்து விழுந்த சொல்லை அவளே கேட்டாள்.

சோமசேகரம் திரும்பி அவளைப் பார்த்தார். "ஓம்" என்றார்.

கோழி ஒன்று வாழையடியில் கிளறிக்கொண்டிருந்தது. இராசமலருக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. கட்டிக்கொடுத்த மகள் புருசன் வீட்டுப் பரம்பரையைச் சேர்ந்தவள். இந்தத் துடக்கு அவளுக்கும் இல்லை, அவள் புருசனுக்கும் இல்லை. அந்த முற்றத்தில் அடுப்பைத் தொடக்கூடியவர்கள் அவர்கள் இரண்டு பேரும்தான். வினோஜாவை மூட்டச் சொன்னதும் அதற்குத்தான், கஜீபனைப் போடச் சொன்னதும் அதற்குத்தான்.

"எப்ப கேட்டனீங்கள்?"

"விடியப்புறம். சுவர்ணா எடுத்தவள்." சுவர்ணா, கதிரவேலுவின் மனைவி. "முழுகி முடிஞ்சும் திரும்பத் திரும்ப அள்ளி ஊத்தினனான். தண்ணி ஊத்திற சத்தத்திலை அழுதால் உமக்குக் கேளாதெண்டு. நீர் எப்பிடி அறிஞ்சனீர்?"

"குணம் சொன்னவள். உங்களுக்குத் தெரியாதெண்டு நினைச்சன். அதுதான் போனுகளை..."

"நானும் உமக்குத் தெரியாதெண்டுதான் நினைச்சன். சொன்னால் நீர் பானையைக் கவிட்டு வைச்சிடுவீர். இந்த வருசமும் பொங்கல் இல்லையெண்டு நீர் அந்த மூலையிலை பானையை அடுக்கிறதைப் பாக்க என்னாலை ஏலாது. மருமகன் அரிசி போட்டால் அது அவையின்ரை பொங்கல். முற்றம் மட்டும்தான் எங்கடை."

நகம் வெட்டப் பஞ்சாங்கம் பார்க்கிற மனிதர், தம்பி செத்த அன்று, பெண்சாதிக்காகச் சூரியனோடு வழக்காட ஒரு வழி பிடித்து வைத்திருக்கிறார். இராசமலருக்கு அவரைக் கட்டிப்பிடித்து அழவேண்டும் போலிருந்தது. அந்த வயதில், அந்த வீட்டில், அது நடக்கிற காரியமில்லை. முந்தானையால் அவருடைய ஈரத் தலையைத் துடைத்துவிட்டாள்.

"பிள்ளைக்குச் சொல்லுவம். அவன்ரை முகம் செத்துப் போச்சு."

"சாப்பிட்டு இலை எடுக்கட்டும். இப்ப சொன்னால் ஒருத்தரும் ஒரு பிடி தின்னமாட்டினம். நீர் விடியத் தொடக்கம் நிண்டு சமைச்சது."

அப்போதுதான் கருகல் மணம் வந்தது.

ஓடிப் போய்ப் பார்த்தால், கீர்த்திகா அகப்பையால் பானையின் மேற்புறத்தை மெல்ல மெல்லத் தடவிக்கொண்டு நின்றாள். அடியில் பிடித்துக் கருகிவிட்டது. வினோஜா, "ஐயோ, அடியைத் துழாவ வேணுமெல்லே மச்சாள்!" என்று விறகை இழுத்தாள். தலைப்பொங்கலில் பானையைக் கருக்கிவிட்ட பெண்ணுக்குக் கண் நிறைந்துவிட்டது. "மாமி, எனக்குத் தெரியேல்லை..." என்று நின்றாள்.

இராசமலர் அந்த முகத்தைப் பார்த்தாள். நாற்பது வருடமாகக் கேலிக்குப் பயந்து அகப்பையை விடாமல் பிடித்தவள் அவள். இன்றைக்குப் பானை அடிப்பிடித்துவிட்டது, கேட்கத்தான் ஆளில்லை.

"அழாதையும் பிள்ளை" என்றாள். "எங்கடை வீட்டிலை அடிப்பொங்கலுக்குத்தான் சண்டையே. நான் வந்த முதல் வருசமும் இப்பிடித்தான்." சொல்லிவிட்டு அவள் புருசனைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இரண்டு பேரும் அந்த இடத்திலேயே உடைந்திருப்பார்கள்.

கஜீபனைக் கொண்டே படைத்து, கற்பூரம் காட்டுவித்தார்கள். மத்தியானம் கூடத்தில் இலை போட்டார்கள். சோறு, பருப்பு, சிவரூபனுக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, சோமசேகரத்துக்கென்று பூசணிக்காய்ப் பால்கறி, வினோஜாவுக்கு மாங்காய்ச் சம்பல், வாழைக்காய்ப் பொரியல், வடை, பாயாசம், இலையின் ஓரத்தில் ஒவ்வொருவருக்கும் பொங்கல். ஒவ்வொரு பொங்கலுக்கும் அவரவருக்கு ஒரு கறி என்பது அவள் வைத்த சட்டம். எல்லாம் இருந்தது, சாப்பாட்டுச் சத்தம் மட்டும் இல்லை. சிவரூபன் குழம்பில் விரலால் கோலமிட்டுக்கொண்டிருந்தான். அவள் சோற்றுச் சட்டியோடு அவனைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"இன்னும் கொஞ்சம் போடட்டோ?"

"காணும் அம்மா."

"வடை?"

"வேண்டாம் அம்மா. இருங்கோவன் நீங்கள்."

அவள் இருக்கவில்லை. சோமசேகரம் சோறு சாப்பிட்டார், பொங்கலைத் தொடவில்லை. சீனி வருத்தம் என்று கஜீபனிடம் சமாளித்தார். அரிசி வாளி அடுக்களைக்குள் இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. அவள் அதைக் கேட்காததுபோலத் தயிரை எடுத்துவர ஓடினாள். ஒரு சாப்பாடு இவ்வளவு நீளம் என்று அவள் அதுவரை அறிந்ததில்லை.

கடைசி இலையை மடித்ததும் சோமசேகரம் தொண்டையைச் செருமினார். "சிவரூபன், இஞ்சை இரு."

அவன் இருந்தான். அவர் சுற்றி வளைக்கவில்லை. "கதிரவேலு விடியப்புறம் மோசம் போயிட்டான். எனக்கும் தெரியும், கொம்மாவுக்கும் தெரியும். உனக்கும் துடக்கு, எனக்கும் துடக்கு. அதுதான் மருமகனைப் போடச் சொன்னனான். வேறை ஒண்டுமில்லை."

வினோஜா "ஐயோ, சித்தப்பா!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். சிவரூபன் குரல் உடைந்து சொன்னான், "நான் இவ்வளவு காலமும் வராமல் இருந்ததுக்குத்தான் கோவமெண்டு நினைச்சன், அப்பா. இந்த வீட்டிலை எனக்கு இனி இடமில்லை எண்டு காட்டிறியள் எண்டு நினைச்சன்."

"விசரா" என்றார் சோமசேகரம்.

சிவரூபன் எழுந்து அடுக்களைக்குள் போனான். பொங்கல் பானையையும் ஒரு சிரட்டையையும் எடுத்துக்கொண்டு வந்து தகப்பனுக்கு முன்னால் வைத்தான். தான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பானையைக் கவிழ்த்துக் காட்டி, "உன்ரை அம்மா எனக்கு ஒண்டும் வைக்கிறா இல்லையடா" என்று முறையிடுகிற சித்தப்பாவை அவன் மறக்கவில்லை.

"சித்தப்பாவின்ரை பங்கு அப்பா. நீங்கள்தான் சாப்பிட வேணும்."

சோமசேகரம் பானைக்குள் கையை விட்டார். கருகி ஒட்டியிருந்ததைச் சிரட்டையால் சுரண்டி, ஒரு கட்டியை வாயில் போட்டு மென்றார். மெல்ல மெல்லக் கண்ணால் தண்ணீர் ஓடியது. பிறகு மகனுக்கு ஒரு துண்டு நீட்டினார். மருமகளுக்கும் நீட்டினார். துடக்கும் பஞ்சாங்கமும் அந்த நேரத்தில் யாருக்கும் நினைவில் இல்லை.

"என்ரை போனை எங்கை ஒளிச்சு வைச்சிருக்கிறீர்?" என்று கேட்டார்.

இராசமலர் அரிசி வாளியையே தூக்கிக்கொண்டு வந்து நடுக்கூடத்தில் வைத்துக் கையை விட்டுக் கிளறினாள். அவருடைய தொலைபேசி வெளியே வந்தது. அதிலிருந்து அரிசி உதிர்ந்தது. தவறிய அழைப்புகளைப் பார்க்காமல் அவர் லண்டனுக்கு அழைத்தார். சுவர்ணாவின் அழுகை கூடமெல்லாம் கேட்டது. அவர் அதை முழுக்கக் கேட்டார். அவள் களைத்து ஓய்ந்த பிறகுதான் பேசினார்.

"சுவர்ணா, அவன் கேக்கேல்லை, நானாச் சொல்லுறன். கிழக்குப் பக்கம்தான் பொங்கினது."

மடியில் உதிர்ந்த அரிசியை விரலால் ஒதுக்கினார்.

"அடியும் பிடிச்சுப் போச்சு. மச்சாள் இல்லை, இந்தமுறை புது மருமகள். நல்ல அடிப்பொங்கல். நீ அவனைப் பாக்கப் போகேக்கை காதுக்குள்ளை ஒருக்காச் சொல்லிவிடு பிள்ளை."

இராசமலர் அரிசி வாளிக்குப் பக்கத்தில், வெறும் நிலத்தில் இருந்தாள். எச்சில் இலைகள் அப்படியே கிடந்தன, சட்டிகள் மூடாமல் கிடந்தன. அவள் எழும்பவில்லை.